தொலைந்த பொருள் வளர்ச்சித் திட்டம்

பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்துக்கு அடித்தளம் என்று ஒன்று இருப்பது, அங்கே முப்பது வருடம் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜெனரேட்டர் அறையைத் தாண்டி, கால் உடைந்த நாற்காலிகளைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு போனால் ஒரு மரக் கவுண்டர் வரும். மேலே 'தொலைந்த பொருள் பிரிவு' என்று எழுதியிருக்கும். அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர், எழுத்தர், பெருக்கித் துடைக்கிறவர் மூன்றும் ஒரே ஆள்தான். பஸ்ஸில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போவதில் பாதிக்கு மேல் குடை என்பதால் அவருக்குக் குடையார் என்று பெயர் விழுந்துவிட்டது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை.

குடையாருக்கு ஒரு வழக்கம் உண்டு. பொருளுக்கு உரியவர் தேடிக்கொண்டு வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். எந்த பஸ், எத்தனை மணி என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வார். மறுநாள் அதே பஸ்ஸில் அதே நேரத்துக்கு ஏறி, பொருளை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஜனங்கள் தினமும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள், ஒரே ஜன்னலுக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ யாராவது ஒருவர், "அட, இது என்னோடதாச்சே" என்பார். ஒரு தடவை ஊன்றுகோல் ஒன்றுக்காக ஒன்பது நாள் போனார். ஊன்றுகோலை மறந்துவிட்டு இறங்கியவர் எப்படி நடந்து வீட்டுக்குப் போனார் என்று என்னைக் கேட்காதீர்கள், குடையாரும் அவரைக் கேட்கவில்லை. இப்படி வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பொருள் வீடு போய்ச் சேர்ந்தது. அதை ஒரு பெரிய காரியம் என்று அவர் நினைத்ததே கிடையாது.

இப்படித் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் இலக்கு வந்து விழுந்தது.

கழகத்தின் எம்.டி. மலை மேல் ஒரு ஓட்டலில் நடந்த ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். போகும்போது நல்ல மனுஷராகத்தான் போனார். வந்து இறங்கியதும் வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்து, "பத்து வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டார். காவலாளிக்கு அடுத்த மாதம் ஓய்வு. "வீட்லதான் சார்" என்றார். எம்.டி.யின் முகம் தொங்கிவிட்டது. அந்த வாரமே மூன்றாவது மாடியில் பதினான்கு பேரோடு இலக்குப் பிரிவு திறக்கப்பட்டது. அந்தப் பதினான்கு பேரும் அதுவரை எந்த பஸ் எந்த வழியாகப் போகவேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அன்றிலிருந்து பஸ்கள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. ஊழியர்கள் எங்கே போகவேண்டும் என்பதில் மட்டும் நல்ல தெளிவு பிறந்தது.

இலக்குப் பிரிவின் தலைவர் இலக்கு அதிகாரி. கழுத்துப்பட்டை கட்டியவர், கையில் எப்போதும் ஒரு கருஞ்சிவப்புத் தோல் பை வைத்திருப்பவர். எல்லோரையும் கூட்ட அரங்கில் உட்காரவைத்து முதல் உரை ஆற்றினார். குடையார் கடைசி வரிசையில், யாரோ விட்டுப்போன இரண்டு குடைகளோடு உட்கார்ந்திருந்தார்.

"நண்பர்களே, நான் சின்ன வயசுல டாக்டராகணும்னு இலக்கு வச்சேன்" என்று அதிகாரி ஆரம்பித்தார். "அப்புறம் இன்ஜினியர்னு வச்சேன். அப்புறம் விமானி. ஒவ்வொரு தடவையும் நிலைமைக்குத் தகுந்த மாதிரி இலக்கைத் திருத்தித் திருத்தித்தான் இன்னிக்கு உங்க முன்னாடி நிக்கறேன். வாழ்க்கையில ஒரு இலக்கைக்கூட நான் தவறவிட்டதில்ல. தவறப் போகுதுன்னு தெரிஞ்சா முதல் நாளே மாத்திடுவேன்."

எம்.டி. முதலில் கைதட்டினார். அதனால் எல்லோரும் தட்டினார்கள்.

"தொழில் இலக்கு மட்டும் போதாது. தனிப்பட்ட இலக்கும் வேணும். என்னோட தனிப்பட்ட இலக்கு ரெண்டு, கீழ வாசல்லயே பலகையில எழுதி வச்சிருக்கேன். ஒண்ணு, மாசத்துக்கு ஒரு தடவை சாதாரண பஸ்ல ஜனங்களோட ஜனமா போறது. ரெண்டாவது, மறதி பூஜ்யம். பதினோரு வருஷமா நான் ஒரு பேனா மூடியைக்கூடத் தொலைச்சதில்ல. கடைசியா ஒண்ணு சொல்றேன், மனசுல எழுதிக்கங்க. காலக்கெடு தாண்டின காகிதம் வெறும் காகிதம்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். மனசில் எழுத இடம் இல்லாதவர்கள் கையில் இருந்த காகிதத்தில் எழுதினார்கள்.

பதினாறு பக்கப் படிவம் ஒன்று ஆளுக்கு ஒன்றாக வந்தது. குடையார் அதை மூன்று நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, தெரிந்ததை எழுதி எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனார்.

"தொழில் இலக்குன்னு போட்ட இடத்துல என்ன எழுதியிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"தொலைஞ்சதைத் திருப்பிக் குடுக்கறதுன்னு எழுதியிருக்கேன் சார்."

"எத்தனை?"

"தொலைஞ்சது எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்ங்கிறது எண் இல்லையே. போன வருஷம் எத்தனை குடுத்தீங்க?"

"ரெண்டாயிரத்து நாலு சார்."

அதிகாரி கால்குலேட்டரைத் தட்டினார். எதைத் தட்டினாரோ தெரியாது. "இந்த வருஷம் மூவாயிரம்" என்றார்.

"சார், ஜனங்க தொலைக்கறதே ரெண்டாயிரத்து எண்ணூறுதான். தொலைச்சாத்தானே குடுக்க முடியும்."

"இது உங்க மனத்தடை."

"இல்ல சார், இது பதிவேட்ல இருக்கு."

"ஜனங்களால இன்னும் நல்லா தொலைக்க முடியும்னு முதல்ல நீங்க நம்பணும். நீங்களே நம்பலைன்னா அவங்களுக்கு எங்கேர்ந்து நம்பிக்கை வரும்? சரி, அது என்ன, பஸ்ல ஏறிப் போய்க் குடுக்கறதுன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க?"

குடையார் தன் வழக்கத்தைச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த வரியைப் பேனாவால் அடித்தார். "இதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல. கவுண்டர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாத்தான் அது ஒப்படைப்பு. பஸ்ல குடுக்கறதை நாங்க ஒப்படைப்பா எடுத்துக்க மாட்டோம். வேணும்னா பொழுதுபோக்குன்னு போட்டுக்கறேன்."

"மூவாயிரம் வரலைன்னா சார்?"

"வரலைங்கிற வார்த்தையே இங்க கிடையாது" என்றார் அதிகாரி அன்பாக. "டயர் கிடங்குக்கு மாத்திடுவோம்."

டயர் கிடங்கு கழகத்தின் கடைக்கோடி. பதினோரு மணி நேரப் பயணம். தேய்ந்த டயர்களைக் கொண்டுபோய் அடுக்கி வைக்கிற இடம். அங்கே போன ஊழியர்கள் திரும்பி வந்து பார்த்தவர் இல்லை.

குடையாரின் மனைவி, பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பதினெட்டு வருடமாக ஒரே இடம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் மொத்தமும் அந்த மிஷினுக்குள் போய் வந்ததுதான். தெருவுக்கே அவர் ஜெராக்ஸ் அக்கா. குடையார் போய்ச் சேர்ந்தபோது கடையில் கூட்டம் முண்டியடித்தது. எல்லோர் கையிலும் பதினாறு பக்கப் படிவம்.

"உங்க ஆபீஸ்காரங்க நல்லா இருக்கணும்" என்றார் அக்கா, மிஷினை விட்டுத் தலை நிமிராமல். "காலையிலேர்ந்து நிக்க நேரமில்ல."

குடையார் டயர் கிடங்கு விஷயத்தைச் சொன்னார். மிஷின் நின்றது.

"அவ்ளோ தூரத்துக்கா? கடையைத் தூக்கிட்டு நான் எங்க வர்றது? நான் இங்க ஜெராக்ஸ் எடுத்துட்டு, நீங்க அங்க டயரை எண்ணிட்டு, இதுக்கா இருபத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணினோம்?"

அந்த இருபத்தைந்து வருடத்தில் மனைவி இல்லாத ஊரில் குடையார் ஒரு நாள்கூடத் தங்கியது கிடையாது. அதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. பேச்சில் அவர் அப்படித்தான்.

அக்கா படிவத்தை வாங்கிப் புரட்டினார். "தனிப்பட்ட இலக்குன்னு காலியா விட்டிருக்கீங்களே. உங்களுக்கு என்னதான் ஆசை? சொல்லுங்க, எழுதறேன்."

குடையார் மிஷினைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணுமேவா இல்ல?"

"எல்லாம்தான் இருக்கே."

அக்காவுக்கு என்ன தோன்றியதோ, பேனாவை எடுத்து விறுவிறுவென்று எழுதினார். 'மனைவியிடம் பேசும் வாக்கியங்கள்: நாளொன்றுக்கு நான்கிலிருந்து பத்தாக உயர்த்துதல்.'

"ஒரு நாளைக்கு நாலு வாக்கியமா நான் பேசறேன்?"

"இதோட நாலு" என்றார் அக்கா.

இந்த இலக்கு மூன்றாவது மாடியில் பெரிய வரவேற்பைப் பெற்றது. எண் இருந்தது, காலம் இருந்தது, வளர்ச்சி இருந்தது. ஆனால் மனைவி சொன்னால் போதுமா? சரிபார்க்க வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சரிபார்ப்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் விரலால் அழுத்தினால் எண் மாறுகிற சின்னக் கருவி. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இயல்பா பேசுங்க" என்றார்.

இருவரும் இயல்பாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மழை வரும்போல இருக்கு" என்று அக்கா எடுத்துக்கொடுத்தார்.

"ஆமா" என்றார் குடையார்.

சரிபார்ப்பாளர் கருவியை அழுத்தப்போய் நிறுத்தினார். "வெறும் ஆமாவை நான் எண்ண முடியாதுங்க. மேல என்கிட்ட கேள்வி கேப்பாங்க."

"ஆமா, மழை வரும்போல இருக்கு" என்றார் குடையார். கருவி கிளிக் என்றது. அன்று சாயங்காலம் அந்த வீட்டில் மழை பத்து தடவை வரும்போல இருந்தது. சரிபார்ப்பாளர் திருப்தியோடு கிளம்பினார். குடையை மறந்துவிட்டுப் போனார். குடையார் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அது கிடக்கட்டும். தனிப்பட்ட இலக்கு இப்படி ஒப்பேறினாலும் தொழில் இலக்கு உதைத்தது. கவுண்டரில் கொடுத்ததை மட்டும் எண்ணியதில், மூன்று மாதம் ஆகியும் எண்ணிக்கை இருநூறைத் தாண்டவில்லை. ஜனங்கள் பழைய வேகத்திலேயே தொலைத்துக்கொண்டிருந்தார்கள், கொஞ்சம்கூட முனைப்பு இல்லை. இலக்குப் பிரிவு கூடி ஆராய்ந்தது. 'உங்கள் பொருட்களை மறவாமல் எடுத்துச் செல்லவும்' என்று எல்லா பஸ்ஸிலும் எழுதியிருப்பதுதான் வளர்ச்சிக்குத் தடை என்று கண்டுபிடித்து, ஒரே வாரத்தில் அத்தனை பஸ்ஸிலும் அதன் மேல் பெயிண்ட் அடித்தார்கள். அதோடு கண்டக்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு மூன்று தொலைந்த பொருள், வருட முடிவு வரைக்கும். கீழே இலக்கு அதிகாரியின் கையெழுத்து.

கண்டக்டர்கள் என்ன செய்வார்கள், பாவம். நிறுத்தம் வருவதற்கு முன்பே, "இறங்கு இறங்கு, வண்டி நிக்காது" என்று ஜனங்களை விரட்டினார்கள். யாராவது மடியில் பையோடு உட்கார்ந்தால், "மேல வைங்கம்மா, சௌகரியமா உக்காருங்க" என்று உபசாரம் செய்தார்கள். அப்படியும் மூன்று சேராத நாளில் வீட்டிலிருந்தே எடுத்துவந்தார்கள். மூடி இல்லாத டப்பா, ஒற்றைச் செருப்பு, காது போன வாளி. இருபத்தேழாம் நம்பர் கண்டக்டர் ஒருநாள் ஒரு சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சுவர்க்கடிகாரத்தை யாருப்பா பஸ்ல கொண்டு வந்தாங்க?" என்று கேட்டார் குடையார்.

"என் மாமனார் வீட்ல மாட்டியிருந்ததுண்ணே. அவர் இன்னும் பாக்கல. எழுதிக்கங்க."

அடித்தளம் நிறைந்தது. குடையார் கவுண்டருக்குப் போக வாளிகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நடக்கவேண்டியதாயிற்று. தொலைந்தது குவிந்ததே தவிர, கேட்டு வருகிறவர் யாரும் இல்லை. தொலைக்காத பொருளை எவன் தேடி வருவான்? எண்ணிக்கை அப்படியே நின்றது. இலக்குப் பிரிவு மறுபடி கூடியது. கழக ஊழியர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பொருளை 'மீட்க' வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதுதான் சிவப்புக் கைப்பிடிக் குடையின் பொற்காலம். கணக்குப் பிரிவுக்காரர் காலையில் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்குவார். மத்தியானம் பஸ்ஸில் தொலைப்பார். சாயங்காலம் கண்டக்டர் கொண்டுவந்து கொடுப்பார். மறுநாள் தட்டச்சர் வாங்குவார். ஒரே குடை எழுபத்தொரு தடவை தொலைந்து எழுபத்தொரு தடவை மீட்கப்பட்டது. அதை ஒரு மழைக்குக்கூட யாரும் விரித்ததில்லை. எழுபத்திரண்டாவது தடவை பதிவேடு வந்தபோது குடையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது தொலையல சார், சும்மா சுத்திக்கிட்டு இருக்கு" என்று மேலே போய்ச் சொன்னார். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அதிகாரி கோபப்படவில்லை. சின்னதாக எதையோ குறித்துக்கொண்டார். மற்றவர்கள் குடையாருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டார்கள், மூவாயிரமும் வந்துவிட்டது. வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எம்.டி. எல்லோருக்கும் காபி கொடுத்தார். மறுநாள் அடித்தளத்துக்குப் புதிய சுற்றறிக்கை வந்தது: 'இலக்கு எட்டப்பட்டதால், இலக்கு ஆண்டு முடியும்வரை ஒப்படைப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது. கூடுதலாகக் கொடுத்தால் அடுத்த ஆண்டு இலக்கு உயரும்.' ஆனால் கண்டக்டர்களின் மூன்று பொருள் மட்டும் நிற்கவில்லை. அது வேறு இலக்கு, வேறு ஃபைல்.

அந்த வாரம்தான் பாட்டு வாத்தியார் வந்தார். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். இருபத்தேழாம் நம்பரில் போகும்போது பல் செட்டைக் கழற்றி டப்பாவில் வைத்தாராம். கண்டக்டர் விரட்டிய விரட்டில் டப்பாவை விட்டுவிட்டு இறங்கிவிட்டாராம். பல மாதங்களுக்குப் பிறகு உண்மையாகவே தொலைத்துவிட்டு வந்த ஆளைப் பார்த்ததும் குடையாருக்குக் கண்ணே கலங்கியது. பல் பத்திரமாக இருந்தது. ஆனால் சுற்றறிக்கை தலைக்கு மேலே தொங்கியது.

"இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொல்றாங்க அய்யா."

"நான் பாட்டுச் சொல்லிக் குடுத்துப் பிழைக்கறவன்" என்றார் வாத்தியார், கைக்குட்டைக்குள்ளிருந்து. "ரெண்டு மாசம் பல் இல்லாம எப்படிப் பாடறது?"

குடையார் சுற்றறிக்கையை மறுபடி படித்தார். அப்புறம் ஒரு விஷயம் அவர் மண்டையில் உறைத்தது. குரலைத் தாழ்த்தி, "நாளைக்குக் காலையில எட்டே முக்காலுக்கு அதே பஸ்ல வருவீங்களா?" என்று கேட்டார். மறுநாள் பஸ்ஸில் பல் கைமாறியது. அது ஒப்படைப்பு ஆகாது. அதிகாரியே சொன்னபடி அது பொழுதுபோக்கு.

இலக்கு ஆண்டின் கடைசி மாதம் பிறந்தது. இரண்டாம் தேதி மத்தியானம் இருபத்தேழாம் நம்பர் கண்டக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மூணாவது சேர்ந்துடுச்சுண்ணே. காலையில எட்டே முக்கால் வண்டியில டை கட்டின ஒரு ஆளு. பையை மேல வச்சுட்டு ஜன்னலோரமா உக்காந்து, ஜனங்களைப் பார்த்துப் பார்த்து ஏதோ எழுதிட்டிருந்தாரு. நிறுத்தத்துல ஒரு அதட்டு அதட்டினேன் பாருங்க, குதிச்சு ஓடிட்டாரு."

கருஞ்சிவப்புத் தோல் பை. யாருடையது என்று உறுதி செய்யத் திறந்து பார்ப்பது பிரிவின் நடைமுறை. உள்ளே முதலில் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் அழகான கையெழுத்தில் 'இறங்கும்போது பையை எடுக்கவும்' என்று எழுதியிருந்தது. பதினோரு வருட ரகசியம் குடையாருக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்து ஒரு காகிதம். தலைப்பு, 'மாற்றல் பட்டியல்'. மாற்றலை முடிவு செய்யும் குழுவின் பதினோரு பேர் கையெழுத்தும் போட்டாயிற்று, எம்.டி.யின் இடம் மட்டும் காலி. 'ஆண்டு முடிவதற்குள் ஒப்புதல் பெறாவிட்டால் செல்லாது' என்று கீழே ஒரு வரி. பட்டியலில் ஏழு பேர். பிரேக் பார்க்கும் மெக்கானிக் இருந்தார். அந்த வருடம் விபத்தே நடக்காததால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று அளக்க முடியவில்லையாம். முதல் வரியில் குடையார். 'இலக்குக்கு எதிரான மனப்போக்கு. டயர் கிடங்கு.'

குடையார் சுற்றிலும் பார்த்தார். அந்தக் குவியலுக்குள் ஒரு யானையைத் தள்ளி மூடினாலும் பத்து வருடத்துக்கு அகப்படாது. பை எம்மாத்திரம்? கை இரண்டு தடவை வாளிகள் பக்கம் போனது. இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. வாங்கிய பொருளை ஒளித்து அவருக்குப் பழக்கமில்லை. பதிவேட்டில் எழுதிவிட்டு, சாயங்காலம் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். "சரி, கொண்டுபோய்க் குடுக்க வேண்டியதுதானே?"

"ஆபீஸ்ல குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே. அவரே கையெழுத்துப் போட்டது."

"வழக்கமா என்ன பண்ணுவீங்க?"

"அதே பஸ்ல, அதே நேரத்துக்குப் போவேன்."

"அப்ப அதையே பண்ணுங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டு மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்குக் குடையார் இருபத்தேழாம் நம்பரில் ஏறினார். பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். அதிகாரி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. எப்படி வருவார்? மாதத்துக்கு ஒரு தடவை என்பது அவர் இலக்கு. அது இரண்டாம் தேதியே முடிந்துவிட்டது. இன்னொரு தடவை ஏறினால் அடுத்த வருடம் இரண்டாக உயர்ந்துவிடும் என்று அவருக்கே தெரியும்.

தேடவில்லையா என்றால், தேடினார். மூன்றாவது மாடி பியூன் வந்து சொன்னார்: "அதிகாரி மேஜைக்கு அடியில போறதும் வர்றதுமா இருக்காரு. என்ன சார்னு கேட்டா உடற்பயிற்சிங்கறாரு." அடித்தளத்துக்கு வந்து கேட்கலாம். ஆனால் மனுவில் 'தொலைத்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. வாசல் பலகையில் மறதி பூஜ்யம் என்று இருந்தது. இன்னொரு பட்டியல் போடலாம். ஆனால் பதினோரு பேரிடமும் போய், முதல் பட்டியல் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்.

குடையாரை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் விடாமல் போனார். காய்ச்சலோடு ஒருநாள் போனார். ஒரு தடவை சிக்னலில் அதிகாரியின் கார் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றது. குடையார் பையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அதிகாரி மடியில் அன்றைய திட்டத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை நிமிர்ந்திருந்தால் போதும். விளக்கு பச்சையானது, கார் போய்விட்டது. உள்ளுக்குள் தனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதைக் குடையார் கடைசிவரை யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை.

மாதம் முடிந்தது. ஆண்டும் முடிந்தது. மறுநாள், முதல் தேதி, இருபத்தேழாம் நம்பரில் இலக்கு அதிகாரி ஏறினார். கண் உள்ளே போயிருந்தது. கூடவே சரிபார்ப்பாளர், கையில் கருவியோடு. பஸ் ஏறியதற்கு ஒரு கிளிக் கொடுத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

குடையார் எழுந்து அவர்கள் எதிரே போய் நின்றார். "சார், இந்தப் பை உங்களோடதா பாருங்க. போன மாசம் ரெண்டாம் தேதி இதே பஸ்ல கிடைச்சது. தினமும் கொண்டுவரேன், உங்களைத்தான் காணோம்."

அதிகாரியின் கை தானாக நீண்டது. பக்கத்தில் சரிபார்ப்பாளர் கழுத்தை நீட்டினார். "சார், தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டு, விரலைக் கருவியின் மேல் வைத்துக்கொண்டார்.

நீண்ட கை பாதியில் நின்று, கழுத்துப்பட்டையைச் சரிசெய்தது. "இது என்னோடது இல்ல" என்றார் அதிகாரி.

"நல்லா பாருங்க சார். உள்ள ஒரு சீட்டுகூட இருக்கு."

"இல்லைன்னு சொல்றேன்ல."

முன் இருக்கையிலிருந்து பாட்டு வாத்தியார் திரும்பினார். "கூச்சப்படாம வாங்கிக்கங்க அய்யா. நான் இவர்கிட்ட பல்லே வாங்கியிருக்கேன்" என்று எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். பஸ்ஸே அதிகாரியைப் பார்த்தது. அதிகாரி ஜன்னலுக்கு வெளியே ஜனங்களைப் பார்த்தார்.

"மறதி பூஜ்யம், சரி" என்று சொல்லிக்கொண்டே சரிபார்ப்பாளர் தாளில் குறித்தார்.

குடையார் அலுவலகத்துக்குப் போனதும் பதிவேட்டைத் திறந்து, கருஞ்சிவப்புத் தோல் பை என்ற வரிக்கு எதிரே, 'உரியவர் இல்லை என்று உரியவரே தெரிவித்தார்' என்று எழுதினார். பையைச் சுவர்க்கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே இருந்த பட்டியலின் காலக்கெடு தாண்டியிருந்தது. காலக்கெடு தாண்டின காகிதம் என்னவென்று அவர் ஏற்கனவே எழுதி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே அவர் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதலிலிருந்து சொன்னார். அதிகாரியின் கை நீண்டது, நின்றது, கழுத்துப்பட்டைக்குப் போனது எல்லாவற்றையும் செய்தே காட்டினார். கண்டக்டர் அதட்டிய மாதிரி அதட்டினார், வாத்தியார் சிரித்த மாதிரி சிரித்தார். படி எடுக்க வந்த இரண்டு பேர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். மிஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அதைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"டயர் கிடங்குக்குப் போகவேண்டாம்னு ஆனதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா?" என்று கடைசியில் சொன்னார் குடையார். "நீ இல்லாம அங்க நான் என்ன பண்ணியிருப்பேன், சொல்லு."

அக்கா மேஜை இழுப்பறையிலிருந்து மூன்றாவது மாடிக்குப் போகவேண்டிய வாக்கியக் கணக்குத் தாளை எடுத்து, அன்றைய தேதிக்கு எதிரே பத்து என்று எழுதினார். குடையார் எட்டிப் பார்த்தார்.

"பத்துதானா? அம்பது பேசியிருப்பேனே."

"அம்பதுன்னு எழுதினா அடுத்த வருஷம் எழுபத்தஞ்சு ஆக்கிடுவாங்க" என்றார் அக்கா. "நீங்கபாட்டுக்குப் பேசுங்க. நான் பத்துன்னே எழுதிக்கறேன்."